ஹமர்ஃபெஸ்ட் மீள்கட்டுமான அருங்காட்சியகம்: நான் இருந்த வீட்டின் கதை

ஒஸ்லோவில் இருந்து வடக்கே போகிற எங்கள் சனம் பெரும்பாலும் நேராக நோர்வேயின் வடகோடியில் இருக்கிற நோர்ட்காப்புக்குத்தான் போகும். பாறை விளிம்பில் நிற்கிற இரும்பு உலக உருண்டைக்கு முன்னால் படம் எடுத்து, நள்ளிரவுச் சூரியனைப் பார்த்து, அடுத்த நாளே திரும்பிவிடும். ஊரில் இருந்து வந்த விருந்தினர்களை நானும் நாலைந்து தடவை அப்படித்தான் கூட்டிக்கொண்டு போயிருக்கிறேன். அதே கரையில் இருக்கிற ஹமர்ஃபெஸ்ட் நகரத்தில் ஒரு தடவைகூட இறங்கவில்லை. ஒஸ்லோவில் ஒரு பயண முகவர், "அங்கே இறங்கிப் பார்க்க ஒன்றும் இல்லை, எல்லாம் போருக்குப் பிறகு கட்டின கட்டிடங்கள்" என்று சொன்னார். அவர் சொன்னதை நம்பியதில் எனக்கு இருபது வருசம் போய்விட்டது.

போன யூலையில் மகளோடு அங்கே இறங்கினேன். போருக்குப் பிறகு கட்டின அந்தக் கட்டிடங்களைப் பற்றித்தான் அங்கே ஒரு அருங்காட்சியகமே இருக்கிறது. முழுப் பெயர், ஃபின்மார்க்குக்கும் வடக்கு துரோம்சுக்குமான மீள்கட்டுமான அருங்காட்சியகம். இரண்டும் நோர்வேயின் வடகோடிப் பகுதிகள். 1998இல் திறந்தது. நோர்வேயில் நான் பார்த்த அருங்காட்சியகங்களில் என்னை இரண்டு நாள் நித்திரை கொள்ளவிடாமல் செய்தது இது ஒன்றுதான். அதனால் கொஞ்சம் நீட்டித்தான் எழுதப்போகிறேன்.

முதலில் என்னைப் பற்றி. நான் யாழ்ப்பாணத்தின் வடகரையில் இருக்கிற மயிலிட்டிக்காரன். 1987இல் நாட்டுப்புற உயர்பள்ளி விசாவில் நோர்வே வந்து, படிப்பு முடிந்ததும் மற்றப் பொடியள் போன வழியிலேயே வடக்கே மீன் தொழிற்சாலைக்குப் போனேன். நோர்ட்காப்புக்குப் பக்கத்து மீன்பிடி ஊரான ஹொனிங்ஸ்வோக்கில் ஒன்பது வருசம். கொட் மீனைத் துண்டு போடுகிற வேலை. கையில் கத்தி, காலில் நீண்ட சப்பாத்து, ரப்பர் உறைக்குள்ளே விறைத்துப்போன விரல். நவம்பர் நடுவில் மறைகிற சூரியன் சனவரி கடைசியில்தான் திரும்பி வரும். மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவனுக்கு மீன் நாற்றம் புதிதில்லை, இருட்டுத்தான் புதிது.

அங்கே நானும் இன்னும் மூன்று பேரும் ஒரு மரவீட்டில் வாடகைக்கு இருந்தோம். வாசலில் சின்ன நடை, கீழே குசினியும் ஒரு விறாந்தை அறையும், செங்குத்தான படி, மேலே சரிந்த கூரைக்கு அடியில் இரண்டு படுக்கையறை. வீட்டின் நடுவில் ஒரே புகைபோக்கி. குசினியில் அடுப்பை மூட்டினால் மேல் அறை வரைக்கும் சூடு வரும். பக்கத்து வீடும் அப்படியே இருந்தது. அதற்கடுத்த வீடும் அப்படித்தான், நிறம் மட்டும் வேறு. தெரு முழுக்க ஒரே அச்சில் வார்த்த மாதிரி. இரவு வேலை முடித்து வருகிறபோது நான் ஒரு தடவை வீடு மாறிக் கதவைத் தட்டியிருக்கிறேன். நோர்வேக்காரருக்கு எல்லாம் ஒரே மாதிரி இருந்தால்தான் பிடிக்கும் போல என்று நாங்களாகவே முடிவுகட்டிவிட்டோம். ஏன் இப்படி என்று ஒன்பது வருசத்தில் ஒருநாளும் கேட்கவில்லை.

பக்கத்து வீட்டில் ஒரு வயதான அம்மா தனியாக இருந்தார். இங்கே பேரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். வயதுக்கு மூத்தவரைப் பேர் சொல்லிக் கூப்பிட எங்களுக்கு வாய் வராது. அதனால் நாலு பேரும் "பெஸ்தமோர்", அதாவது அம்மம்மா, என்றே கூப்பிட்டோம். அவருக்கும் அது பிடித்திருந்தது. அவர் எதையும் எறிய மாட்டார். பால் பெட்டி, நூல் துண்டு, பலகைத் துண்டு எல்லாம் சேர்த்து வைப்பார். நிலக்கீழ் அறையில் தகரப் பேணிகளில் ஆணி. வளைந்த பழைய ஆணிகளைக் கல்லில் வைத்துச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தி, நீளம் பார்த்துப் பிரித்து வைத்திருந்தார். கடையில் ஒரு பெட்டி ஆணி என்ன விலை, ஏன் இந்தக் கரைச்சல் என்று நினைப்பேன். வாய் திறந்து கேட்டதில்லை.

1990இல் போரால் எங்கள் ஊர் முழுக்க இடம்பெயர்ந்ததும், வீடு இல்லை என்று அம்மாவின் கடிதம் வந்தது. அதை என்னுடைய அரைகுறை நோர்வேஜிய மொழியில் பெஸ்தமோருக்குச் சொன்னேன். அவர் கோப்பியை ஊற்றிக்கொண்டே, "யா, யா. டு ஒக்" என்றார். ஆம், ஆம். நீயுமா. அவ்வளவுதான். பிறகு யன்னலைப் பார்த்துக்கொண்டு இருந்தார். அந்த "நீயுமா" என்ற சொல்லுக்குள் என்ன இருந்தது என்று எனக்கு விளங்கியது ஹமர்ஃபெஸ்டில், இத்தனை வருசம் கழித்து.

சரி, அருங்காட்சியகத்துக்கு வருகிறேன்.

ஹொனிங்ஸ்வோக்கில் விடியக் காலை தெற்கே போகிற கரையோரக் கப்பலில் ஏறினால் முற்பகலில் ஹமர்ஃபெஸ்ட். கப்பல் அங்கே நிற்பது இரண்டு மணி நேரம் அளவில்தான். துறையில் இருந்து அருங்காட்சியகம் நடக்கிற தூரம்தான், ஆனால் அந்த நேரத்துக்குள் ஓடிப்போய்ப் பார்த்து ஓடிவர நினைக்காதீர்கள். நாங்கள் கப்பலை விட்டுவிட்டு ஒரு இரவு தங்கினோம். உள்ளே மூன்றரை மணி நேரம் இருந்தோம். மகள் இங்கே பிறந்து வளர்ந்தவள், ஆசிரியை. எழுதியிருப்பதில் ஒரு வரி விடாமல் வாசிக்கிறவள். எனக்கு மொழி பிடிபடாத இடங்களில் அவள்தான் நின்று விளங்கப்படுத்தினாள்.

கதை 1944 ஒக்ரோபரில் தொடங்குகிறது. நோர்வேயை ஜேர்மனி பிடித்து நாலரை வருசம். பின்லாந்து சோவியத்தோடு போர்நிறுத்தம் செய்துவிட்டது. செம்படை ஒக்ரோபர் 7ஆம் திகதி தாக்குதலைத் தொடங்கி, 25ஆம் திகதி எல்லைக்கு அருகே இருக்கிற கிர்கனெஸ் நகரத்தை மீட்டது. பின்வாங்குகிற ஜேர்மன் படை, பின்னால் வருகிறவனுக்கு ஒரு கூரைகூட மிஞ்சக்கூடாது என்று முடிவெடுத்தது. ஒக்ரோபர் 28ஆம் திகதி ஹிட்லரின் கட்டளை வந்தது. லிங்கன் ஃபியோர்டுக்குக் கிழக்கே இருக்கிற சனத்தை எல்லாம் வெளியேற்று, வீடுகளை எல்லாம் கொளுத்து. பொதுமக்கள்மீது இரக்கம் காட்ட இடமில்லை என்பதையும் அந்தக் கட்டளையிலேயே எழுதிவிட்டார்கள். சனத்தை வெளியேற்றுகிற வேலையை நடத்தியவர்களில் ஜேர்மனியோடு சேர்ந்து நின்ற நோர்வேக்காரரான குவிஸ்லிங்கின் அரசின் அமைச்சர்கள் இரண்டு பேரும் இருந்தார்கள், யூனாஸ் லீயும் யொஹான் லிப்பஸ்தாத்தும். சொந்த நாட்டுக்காரர்களே வந்து, உங்கள் நன்மைக்குத்தான் சொல்கிறோம், கிளம்புங்கள் என்றார்கள்.

கொளுத்தப்பட்ட பரப்பு டென்மார்க் நாட்டைவிடப் பெரியது. அங்கே இருந்தவர்கள் ஏறத்தாழ 75,000 பேர். 50,000 பேரை வெளியேற்றினார்கள். மீன்பிடி வள்ளம், சரக்குக் கப்பல், எது கிடைத்ததோ அதில். 11,000 அளவில் வீடுகள் போயின. மாட்டுத் தொழுவங்கள் ஆயிரக்கணக்கில், பள்ளிக்கூடங்கள் நூற்றுக்கு மேல், தேவாலயங்கள் 27. இறங்குதுறைகள், கலங்கரை விளக்கங்கள், தந்திக் கம்பங்கள் என்று எதையும் விடவில்லை. கொண்டுபோக முடியாத மாடு ஆடுகளைச் சுட்டார்கள், சிலவற்றைச் சொந்தக்காரர்களே வெட்டிவிட்டுப் போனார்கள். ஹமர்ஃபெஸ்டில் கடைசி ஜேர்மன் படையினன் வெளியேறியது 1945 பெப்ரவரி 10ஆம் திகதி. அந்த நகரத்தில் நின்றது ஒரே ஒரு கட்டிடம், இடுகாட்டுச் சிற்றாலயம். இறந்தவர்களுக்காக 1937இல் கட்டியது.

இந்த எண்களை எல்லாம் வேறு எங்கேயும் வாசிக்கலாம். அருங்காட்சியகத்தின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. கொளுத்திய கதையைச் சொன்னதும் நிறுத்திவிடாமல், அடுத்த நாள் காலையில் அந்தச் சனம் எங்கே நித்திரையால் எழும்பியது என்று காட்டுகிறார்கள்.

25,000 பேர் அளவில் கட்டளைக்குப் பணியவில்லை. உள்நாட்டு மேட்டுநிலத்துக்கும் தீவுகளுக்கும் போய் ஒளித்தார்கள். புல்கட்டிக் குடிசை, கவிழ்த்த வள்ளம், பாறைக் குகை. அந்தக் காலத்து ஒளிப்பிடம் ஒன்றை உள்ளே அமைத்திருக்கிறார்கள். குனிந்துதான் பார்க்க வேண்டும். நான் அங்கே நின்றபோது வெளியே யூலை மாத வெயில். ஆனால் அந்த ஊர்க் குளிர் எனக்குத் தெரியும். கம்பளிச் சட்டை, தோல் சப்பாத்து, சூடாக்கி உள்ள வீடு எல்லாம் இருந்தும் நவம்பரில் நாங்கள் நடுங்கினோம். இவர்கள் கைக்குழந்தைகளோடு, புகை தெரிந்தால் ரோந்துப்படகு வரும் என்று பகலில் நெருப்பு மூட்டாமல் இருந்திருக்கிறார்கள்.

கிர்கனெஸ் பக்கத்துக் கதை ஒன்று எனக்கு முன்பே கொஞ்சம் தெரியும். பியோர்னவாட்ன் இரும்புச் சுரங்கத்துக்குள்ளே 3,500 பேர் வரையில் பதுங்கியிருந்தார்கள். அந்தச் சுரங்கத்துக்குள்ளே பத்துப் பிள்ளைகள் பிறந்தன. ஆனால் சொரோயா தீவின் கதை எனக்குப் புதிது. குகைகளில் ஒளித்திருந்த சனத்தை 1945 பெப்ரவரி நடுவில் நேச நாட்டு நாசகாரிக் கப்பல்கள் நாலு வந்து ஏற்றிக்கொண்டு சோவியத் துறைமுகமான மூர்மான்ஸ்குக்குப் போயின. 500 பேர் அளவில். அங்கே இருந்து அவர்களைப் பிரித்தானியாவுக்குப் போகிற கப்பல் தொடரில் ஏற்றினார்கள். ஹென்றி பேக்கன் என்ற அமெரிக்கச் சரக்குக் கப்பலில் 19 பேர். புயலில் அது தொடரை விட்டு விலகித் தனியாகப்போக, பெப்ரவரி 23ஆம் திகதி ஜேர்மன் விமானங்கள் தாக்கிக் கப்பல் தாண்டது. உயிர்காப்புப் படகுகள் எல்லோருக்கும் போதவில்லை. மாலுமிகள் அகதிகளுக்கு இடம் கொடுத்தார்கள். 19 பேரும் தப்பினார்கள். கப்பல் தலைவர் அல்பிரட் கரீனியும் மாலுமிகள் பலரும் கடலோடு போனார்கள்.

மகள் இதை எனக்குச் சொல்லிக்கொண்டு வந்தவள் நடுவில் நிறுத்திவிட்டாள். "அப்பா, கொஞ்சம் இருங்கோ" என்றாள். ஒரு பக்கமாகப் போய் நின்றுவிட்டு வந்தாள். நானும் அவளை ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்தது திரும்பி வருதல். இந்தப் பகுதிக்காகவே இங்கே போகலாம். 1945 மே மாதம் போர் முடிகிறது. ஒஸ்லோவில் அரசாங்கம், இப்போது யாரும் வடக்கே போகக்கூடாது, வீடில்லை, துறையில்லை, கண்ணிவெடி கிடக்கிறது, முதலில் திட்டம் போடுகிறோம், நாங்கள் சொல்கிறபோது போங்கள் என்றது. சனம் கேட்கவில்லை. அந்தக் கோடையிலேயே தடையை மீறிச் சொந்த வள்ளங்களில் ஏறி வடக்கே திரும்பியது. எரிந்த ஊரில் இறங்கி, சாம்பலைக் கிண்டி, வளைந்த ஆணியைப் பொறுக்கியது. கல்லில் வைத்து நிமிர்த்தி, கடல் கொண்டுவந்த பலகையிலும் ஜேர்மன்காரன் விட்டுப்போன தகரத்திலும் அடித்துக் குடில் போட்டது.

ஆணி என்று வாசித்ததும் நான் அங்கே இருந்த வாங்கில் இருந்துவிட்டேன்.

பெஸ்தமோருக்கு 1944இல் பதினாறு வயது இருந்திருக்கும். ஹொனிங்ஸ்வோக்கிலும் ஒரே ஒரு கட்டிடம்தான் தப்பியது, 1885இல் கட்டின தேவாலயம். திரும்பி வந்த சனம் அந்தத் தேவாலயத்துக்குள்ளேயே படுத்தது, அதற்குள்ளேயே பாண் சுட்டது. ஒன்பது வருசம் அந்த வெள்ளைத் தேவாலயத்தைக் கடந்து வேலைக்குப் போனவன் நான். ஊரில் பழைய கட்டிடம் என்று அது ஒன்று மட்டும்தான் இருக்கிறதே என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

இனி வீடு. போருக்குப் பிறகு தெற்கில் இருந்து இளம் கட்டிடக் கலைஞர்கள் வடக்கே வந்தார்கள். எரிந்த ஊர்களைத் திரும்ப வரைய ஒரு அரச அலுவலகம், வீட்டுக்கடன் கொடுக்க 1946இல் தொடங்கின அரச வங்கி ஹூஸ்பாங்கன். மரம் குறைவு, கண்ணாடி குறைவு, ஆணி குறைவு, எல்லாவற்றுக்கும் பங்கீடு. அதனால் சில மாதிரி வரைபடங்களைப் போட்டு, அவற்றின்படி ஆயிரக்கணக்கில் கட்டினார்கள். ஒன்றரை மாடி. பனி வழுக்கி விழ ஏற்ற செங்குத்துக் கூரை. விறகு மிச்சம் பிடிக்க நடுவில் ஒரே புகைபோக்கி. பெரிய வரவேற்பறை வைத்து வீம்பு காட்ட யாருக்கும் இடம் இல்லை, மீன்பிடிக்காரன் வீடும் பள்ளிக்கூட ஆசிரியர் வீடும் ஏறத்தாழ ஒரே அளவு. "யென்ரெய்ஸ்னிங்ஸ்ஹூஸ்" என்று இன்றைக்கும் அதற்குப் பேர், மீள்கட்டுமான வீடு. இந்த வேலை 1960 வாக்கில்தான் முடிந்தது என்கிறார்கள். அதுவரை சிலர் பல வருசம் தற்காலிகக் கொட்டில்களில், இரண்டு மூன்று குடும்பமாக ஒரே அடுப்பில் சமைத்து வாழ்ந்தார்கள்.

அந்தக் காலத்து வீட்டு அறைகளையும் உள்ளே அமைத்து வைத்திருக்கிறார்கள். குசினியைப் பார்த்ததும் நான் மகளிடம், "பிள்ளை, இந்த வாசலால் போனால் இடப்பக்கம் படி இருக்கும், ஆறாவது படி கிறீச்சிடும்" என்று சொன்னேன். படி அங்கே இல்லை. எங்கள் வீட்டில்தான் இருந்தது. ஆனால் குசினி அதே குசினி. யன்னலுக்குக் கீழே மேசை, அடுப்பு இருந்த பக்கம், சுவரில் அந்த வெளிர்நிற எண்ணெய்ப் பூச்சு. நாலு தமிழ்ப் பொடியள் பருப்புக் கறியும் கொட் தலைச் சொதியும் வைத்த குசினி, இன்னொருவர் சாம்பலில் இருந்து எழுப்பின குசினி என்று அன்றைக்குத்தான் அறிந்தேன். அந்த வீட்டின் ஒவ்வொரு அங்குலமும் எண்ணிக் கட்டினது. நாங்கள் அதை "சின்ன வீடு" என்று குறை சொல்லிக்கொண்டு இருந்தோம்.

தொழிற்சாலைகளும் இந்தக் கதையின் ஒரு துண்டுதான். போருக்கு முன் இங்கே மீன் என்றால் கருவாடும் உப்பு மீனும். எரிந்துபோன துறைகளைத் திரும்பக் கட்டுகிறபோது அரசாங்கம் உறைமீன் தொழிலைக் கொண்டுவந்தது. 1950களின் தொடக்கத்தில் ஹமர்ஃபெஸ்டில் ஃபின்டுஸ் தொழிற்சாலை வந்தது, நகரத்தில் பாதிக் குடும்பம் அதை நம்பி வாழ்ந்த காலம் உண்டு. அந்தத் தொழிற்சாலைகளில் மீன் துண்டு போட உள்ளூர்ப் பிள்ளைகள் வராமல் போனபோதுதான் 1980களில் எங்களைப் போன்றவர்களுக்கு அங்கே வேலை கிடைத்தது. நாங்கள் ஏதோ காற்று அடித்துக்கொண்டுவந்து விட்ட மாதிரி வடக்கே போய்ச் சேர்ந்தோம் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. 1944இல் கொளுத்தின நெருப்புக்கும் 1988இல் நான் கட்டின ரப்பர் ஏப்ரனுக்கும் நடுவில் நேர்க்கோடு போடலாம்.

வடக்கின் பழங்குடிகளான சாமி மக்களைப் பற்றின பகுதியில் என் மகள் மிக நீண்ட நேரம் நின்றாள். இதை அவர்கள் மறைக்காமல் சொல்லியிருப்பது எனக்குப் பெரிய மதிப்பைத் தந்தது. புல்கட்டிக் குடிசைகளோடும் தொழுவங்களோடும் சேர்ந்து கரையோரச் சாமிகளின் பழைய கருவிகள், துணிகள், சாமான்கள் எல்லாம் எரிந்தன. உள்நாட்டுச் சாமி ஊரான கராஷோக்கில் 1807இல் கட்டின பழைய தேவாலயம் மட்டும் தப்பியது. அதற்கு முன்பே, 1898இல் இருந்து, பள்ளிக்கூடத்தில் நோர்வேஜிய மொழிதான் என்ற கட்டளை இருந்தது. 1959இல்தான் சாமி மொழியைத் திரும்பவும் பள்ளிக்கூடத்துக்குள் விட்டார்கள். இடையில் இந்தப் போர். தெற்கே அகதியாகப் போய்த் திரும்பிய பெற்றோர் பலர், புது வீட்டுக்குள்ளே வந்தபோது பிள்ளைகளோடு பழைய மொழி கதைக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே வரைபடம் என்றபோது, நோர்வேஜியக் குடும்பம் எப்படி வாழும் என்று நினைத்தார்களோ அதுதான் வரைபடத்தில் இருந்தது. வீட்டைத் திரும்பக் கட்டினார்கள், மொழியைக் கட்டவில்லை. ஃபின்மார்க் கரையில் பாட்டியின் பாசை தெரியாத பேரப்பிள்ளைகளோடு நானே வேலை செய்திருக்கிறேன். தாங்கள் சாமி என்றே சிலருக்கு நாற்பது வயதில்தான் தெரியவந்தது.

மகள் என்னிடம் தமிழில் கேட்டாள், "அப்பா, நீங்கள் ஏன் என்னோடு நோர்வேஜியன் கதைக்கேல்லை?" எனக்கு அது வடிவாக வராது என்பதுதான் காரணம் என்று உண்மையைச் சொன்னேன். "நல்லது" என்றாள்.

இன்னொன்றையும் எழுத வேண்டும். இந்தக் கொளுத்தலைச் செய்வித்த ஜேர்மன் படைத் தளபதி லோதார் ரெண்டுலிச் போருக்குப் பிறகு நியூரம்பேர்க்கில் விசாரிக்கப்பட்டான். ஃபின்மார்க்கைக் கொளுத்தின குற்றத்தில் இருந்து அவனை விடுவித்தார்கள். செம்படை துரத்திக்கொண்டு வருகிறது, இராணுவத் தேவை இருக்கிறது என்று அவன் அந்த நேரத்தில் உண்மையாகவே நம்பியிருக்கலாம் என்பது நீதிமன்றத்தின் காரணம். வேறு குற்றங்களுக்காக 20 வருசத் தண்டனை, அது பத்தாகக் குறைந்தது, 1951இல் வெளியே வந்துவிட்டான். இன்றைக்கும் போர்ச் சட்டம் படிப்பிக்கிறவர்கள் அந்தத் தீர்ப்பை அவன் பேரிலேயே சொல்கிறார்கள். அந்த மனிதன் வெளியே வந்த வருசத்திலும் ஃபின்மார்க்கில் கொட்டிலில் குழந்தை வளர்த்த தாய்மார் இருந்தார்கள். இதை நினைக்க எனக்கு இப்போதும் கொதிக்கிறது.

அருங்காட்சியகக் கட்டிடத்தோடு ஒரு கோபுரமும் இருக்கிறது. கட்டாயம் மேலே ஏறுங்கள். எரிந்த நகரத்தின் படங்களைப் பார்த்த கையோடு அங்கே போக வேண்டும். கீழே நிறநிறமாக வீடுகள், துறை, மலை. நாங்கள் போன அன்று கலைமான்கள் இரண்டு தெருவில் திரிந்தன. பிறகு நடந்துபோய் அந்த இடுகாட்டுச் சிற்றாலயத்தைப் பாருங்கள். சின்னது, தெரியாதவர்கள் கடந்து போய்விடுவார்கள். அதற்கு எதிரே 1961இல் திறந்த புதுத் தேவாலயம். கட்டினவர் ஹான்ஸ் மாக்னுஸ். கூரையை மீன் காயவைக்கிற மரச்சட்டம் மாதிரி முக்கோணமாக எழுப்பியிருக்கிறார். உள்ளே பீடத்துக்குப் பின்னால் படம் இல்லை, சுவர் முழுக்க நிறக்கண்ணாடிதான். மயிலிட்டிக் கரையில் கருவாடு காய்கிறதைப் பார்த்து வளர்ந்த எனக்கு, மீன் காய்கிற சட்டத்தைக் கோயிலாக்கின அந்த மனசு பிடித்துப்போனது.

மயிலிட்டியைப் பற்றி ஒரே ஒரு வார்த்தை. 1990 யூனில் எங்கள் சனம் வெளியேறியது. துறைமுகத்தைத் திரும்பத் திறந்துவிட்டது 2017 யூலையில். இருபத்தேழு வருசம். ஃபின்மார்க் சனம் தடையை மீறிப் போனபோது, அரசாங்கம் கொஞ்ச நாளில் வழிக்கு வந்து பலகையும் கடனும் கொடுத்தது. என் அம்மா மயிலிட்டியைத் திரும்பப் பார்க்காமலே போய்விட்டார். இரண்டு கதையும் ஒன்று என்று நான் சொல்லவில்லை. ஆனால் திரும்பி வந்தவர்களின் படங்களுக்கு முன்னால், வள்ளத்தில் இருந்து அடுப்பை இறக்குகிற அந்தப் பெண்களுக்கு முன்னால், எனக்கு வந்த பொறாமையை எழுதாமல் விட முடியவில்லை.

போகிறவர்களுக்குச் சில விசயங்கள். நுழைவுக் காசு எனக்குப் பாரமாகத் தெரியவில்லை. வாசலில் இருந்த பெண் பிள்ளை நாங்கள் கேட்ட கேள்விக்கு எல்லாம் ஆறுதலாக நின்று பதில் சொன்னார். நான் ஹொனிங்ஸ்வோக்கில் இருந்தவன் என்றதும் எந்தத் தெரு என்று கேட்டார். குளிர்காலத்தில் திறக்கிற நேரம் குறைவு, பார்த்துவிட்டுப் போங்கள். பத்து வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளைத் தாராளமாகக் கூட்டிப்போகலாம், சின்னதுகளுக்கு வாசிக்கிறது கூடிப்போகும். உங்கள் பெற்றோர் போரில் இடம்பெயர்ந்தவர்கள் என்றால் அவர்களையும் கூட்டிப்போங்கள். ஆனால் ஒளிப்பிடம் இருக்கிற பகுதிக்கு முன்னால் சொல்லி வையுங்கள், திடீரென்று காட்ட வேண்டாம். சாப்பாட்டுக்குத் துறைப் பக்கம் போனோம், ஒரு கடையில் கொடுத்த மீன்சூப் ஆறிப்போய் இருந்தது, அதைப் பற்றி எழுத ஒன்றும் இல்லை. நகரத்துக்கு எதிரே மெல்கோயா தீவில் எரிவாயு ஆலை இருக்கிறது, இன்றைய ஹமர்ஃபெஸ்டின் காசு அங்கே இருந்துதான் வருகிறது.

ஒரு பிழை நாங்கள் விட்டோம், நீங்கள் விடாதீர்கள். நாங்கள் முதலில் ஹொனிங்ஸ்வோக்குக்குப் போய், பழைய வீட்டை வெளியில் நின்று பார்த்து, பெஸ்தமோர் இருந்த வீட்டில் இப்போது யாரோ புது யன்னல் போட்டிருக்கிறார்கள் என்று சொல்லிவிட்டு, பிறகுதான் ஹமர்ஃபெஸ்டுக்கு வந்தோம். முதலில் ஹமர்ஃபெஸ்டில் இறங்குங்கள். கோபுரத்தில் ஏறுங்கள், ஒரு இரவு தங்குங்கள், பிறகு நோர்ட்காப் பக்கம் போங்கள். வழியில் தெரிகிற ஒவ்வொரு வீடும் அப்போது வேறு மாதிரித் தெரியும்.

1997இல் நான் ஒஸ்லோவுக்கு வெளிக்கிட்டபோது பெஸ்தமோர் ஒரு தகரப் பேணியைக் கொண்டுவந்து தந்தார். நிமிர்த்தின ஆணிகள். "புது வீட்டுக்கு உதவும்" என்றார். பாரமாக இருக்கிறதே என்று நான் அதை அந்த வீட்டின் நிலக்கீழ் அறையிலேயே விட்டுவிட்டு வந்தேன். ஹமர்ஃபெஸ்டில் இருந்து திரும்பி வந்ததும் மகள் ஹொனிங்ஸ்வோக்கில் இப்போது அந்த வீட்டில் இருப்பவர்களுக்குக் கடிதம் ஒன்று எழுதிப் போட்டாள். பேணி அங்கே இருக்கிறதா என்று கேட்டு. பதில் இன்னும் வரவில்லை.